மெர்சிடிஸ் என்றொரு பெண்

மெர்சிடிஸ் என்றதும் கார்தானே நினைவுக்கு வருகிறது? ஸ்பெயினில் அது பெண் குழந்தைகளுக்கு வைக்கும் பெயர்.

அந்தப் பெயர் வந்த கதை இது: 1218-இல் பார்சிலோனாவில் பேதுரு நொலாஸ்கோ ஒரு துறவற சபையைத் தொடங்கினார். மூர்கள் எனப்பட்ட முஸ்லிம்களிடம் சிறைப்பட்ட கிறிஸ்தவர்களைப் பணம் கொடுத்து மீட்பதே அதன் வேலை. தேவைப்பட்டால் கைதிக்குப் பதிலாகத் தாமே பிணையாக இருக்கவும் அந்தத் துறவிகள் வாக்குக் கொடுத்தார்கள். எவ்வளவு பெரிய மனசு! அவர்கள் வணங்கிய இரக்கத்தின் மாதாவுக்கு ஸ்பானிய மொழியில் ‘மரியா தெ லாஸ் மெர்சேதெஸ்’ என்று பெயர். அதன் சுருக்கமே மெர்சிடிஸ். ஸ்பானியர் ஆட்சியோடு அது லத்தீன் அமெரிக்காவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போனது.

ஆஸ்திரியத் தொழிலதிபர் எமில் யெல்லினெக், 1889-இல் பிறந்த தம் மகளுக்கும் இதே பெயரை வைத்தார். பிறகு தாம் விற்ற டைம்லர் கார்களுக்கும் அதையே சூட்டினார். 1903-இல் தம் பெயரோடும் சேர்த்துக்கொண்டார்.