கீழ்வீட்டை எட்டும் மந்தர ஒலி

மேல்வீட்டில் மெல்லென ஒலிக்கும் இசை கீழ்வீட்டார்க்கு இடியோசையாய்ச் சென்று சேர்தல் யாங்ஙனம்? இவ்வினாவை எமக்குள் எழுப்பியவர் எம் இல்லத்தின் கீழ்த்தளத்தில் வாழும் முதியவர் ஒருவர். ஓரிரவு அவர் மெல்லப் படியேறி வந்து, "தம்பி, பாட்டுக் கேட்டாலும் பொறுத்துக்கொள்வேன், பாட்டே கேட்கவில்லை, கட்டில்தான் அதிர்கிறது," என்றார். சினந்து கூறியிருப்பின் எதிருரைத்திருப்போம். வருந்திக் கூறினமையின் நாணினோம்.

அவர் கூறியது முற்றும் உண்மை. நொடிக்கு 1000 அதிர்வுடைய ஒலியின் அலை காற்றில் 34 சென்டிமீட்டர் நீளமே உடையது. 40 அதிர்வுடைய மந்தர ஒலியின் அலையோ எட்டரை மீட்டர். தளமும் சுவரும் ஒலியைத் தடுப்பது பெரிதும் தம் எடையினாலேயாம். விரைந்த அதிர்வைக் கனத்த தளம் பின்தொடர மாட்டாது. மெதுவான அதிர்வுக்கு உடன் அசைந்து கொடுக்கும். அதிர்வெண் பாதியாகுந்தோறும் தடை ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பது பொதுவிதி. ஆகவே, பாடலின் சொல் மேலேயே தங்க, முழவின் அதிர்வு மாத்திரம் கீழிறங்கும். சுவரில் ஒட்டும் பஞ்சுத்தட்டியும் முட்டையட்டையும் இதற்கு உதவா. அவை அறையினுள் உயர்ந்த ஒலியின் எதிரொலியைத் தணிப்பன, அவ்வளவே.

மந்தர ஒலி இறங்கும் வழி இரண்டு: காற்று தளத்தை அழுத்துவது ஒன்று, ஒலிபெருக்கிப் பெட்டியின் நடுக்கம் அதன் கால்வழியே தளத்திற் புகுவது மற்றொன்று. பின்னதைத் தடுக்கக் கருதி, தடித்த ரப்பர்த் துண்டுகள் நான்கினைப் பெட்டியின் அடியில் இட்டோம். மறுநாள் முதியவர், "கொஞ்சம் கூடியிருக்கிறதே!" என்றார்.

கூடியதன் காரணம் இது. மீள்தன்மையுடைய ஒன்றின்மேல் நிறுத்திய பொருளுக்குத் தனக்கென ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. அவ்வெண்ணின் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வே தடைப்படும். அதனை அண்மியது பெருகும். பெட்டியின் எடையால் துண்டு 1 மில்லிமீட்டர் அழுந்தினால் இயல்பு அதிர்வெண் ஏறத்தாழ 16; 3 மில்லிமீட்டர் அழுந்தினால் 9; பத்தில் ஒரு மில்லிமீட்டரே அழுந்தினாலோ 50. எம் ரப்பர் கல்லையொத்தது. அது அழுந்தியது கண்ணுக்கே புலப்படவில்லை. தடுக்க வேண்டிய அதிர்வையே யாம் வளர்த்திருந்தோம்! கடைகளில் விற்கும் கூரிய இரும்புக் கால்களும் பெட்டியைத் தளத்தோடு பிணிப்பனவேயன்றிப் பிரிப்பன அல்ல.

பின்னர் மென்மையான ரப்பர்த் துண்டுகளைப் பரப்பி, கடப்பைக் கல் ஒன்றை அவற்றின்மேல் கிடத்திப் பெட்டியை ஏற்றினோம். கல்லின் எடையும் சேர, அடிக்கோலால் அளந்தபோது 3 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. ரப்பர் அசைவில் சற்றே விறைக்குமாதலின் இவ்வளவேனும் தாழ்தல் நன்று.

காற்றின் வழி எஞ்சியது. மூலையில் வைத்த பெட்டியின் மந்தரத்தை இரு சுவரும் தளமும் கூடிப் பெருக்கும். ஆதலின் மூலையினின்றும் அதனை அகற்றினோம். பிளெச்சரும் மன்சனும் 1933இல் ஆராய்ந்து காட்டியவாறு, ஒலி தணியுங்கால் நம் செவிக்கு மந்தரமே முதலில் மங்கும். அக்குறையை நிரப்பவே இரவில் மந்தரத் திருகை ஏற்றுகின்றோம். கீழே உறங்குவாரை எழுப்புவது அவ்வேற்றமே. ஒன்பது மணிக்குமேல் இப்போது அத்திருகைத் தாழ்த்திவிடுகின்றோம்.

கட்டில் அதிர்வதில்லையாம். ஆயினும் சுவரில் காதை வைத்தால் முழவு கேட்கிறதென்று முதியவர் நகைத்தார்.