தலை சாய்க்க ஒரு கல்

திண்டுக்கல் என்னும் பெயரில் திண்டு, கல் என இரு சொற்கள் உள்ளன. திண்டு என்பது சாய்ந்து இளைப்பாற உதவும் தலையணை. தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு நம் மலை ஒரு திண்டைப் போலத் தோன்றுவதால் இப்பெயர் வந்தது என்பர். ஆனால் அந்தத் திண்டின்மேல் நிம்மதியாகத் தலை சாய்த்தவர் யார்?

வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். 1605இல் முத்துக் கிருஷ்ணப்ப நாயக்கர் இம்மலையில் கோட்டை எழுப்பினார். 1755இல் ஐதர் அலி இதன் படைத்தலைவராக வந்தார். 1767, 1783, 1790 என மும்முறை ஆங்கிலக் கம்பெனிப் படை இதனைக் கைப்பற்றியது. முதல் இரு முறையும் கோட்டை மீண்டும் மைசூரின் வசமே சென்றது. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் போர் முடிந்தது. சமாதானம் வந்ததா? 1801இல், கம்பெனியை எதிர்த்த விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் இதே ஊரில் தூக்கிலிடப்பட்டார். திண்டின்மேல் பீரங்கிக்கு இடம் கிடைத்தது. மனிதனுக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

பெயர் ஒன்று, நடப்பு வேறு என்னும் இந்த முரண்பாடு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரிலும் கோட்டை தாங்கிய பாறை ஒன்று உண்டு. அதன் அடிவாரத்துப் பழைய மதுவிடுதிக்கு ‘எருசலேம் பயணம்’ என்று பெயர். அப்பெயரில் வரும் ஆங்கிலச் சொல்லுக்கு, வழியில் தங்கி இளைப்பாறுதல் என்றும் பொருள் கூறுவர். அதன் சுவரில் 1189 என்று எழுதியிருக்கிறது. முதலாம் ரிச்சர்டு அரியணை ஏறிய ஆண்டு அது. சிலுவைப் போர் வீரர்கள் அங்குத் தங்கிச் சென்றனர் என்பது செவிவழிக் கதை.

எருசலேம் என்பதற்குச் சமாதான நகரம் என்று பொருள் சொல்வது கிறிஸ்தவ மரபு. அந்நகருக்கு, சமாதானத்தைப் போதித்த இயேசுவின் பெயராலேயே வாளேந்திச் சென்றனர்! 1099இல் நகரைப் பிடித்தபோது முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்தனர். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த என்னை இப்பக்கங்கள் தலைகுனிய வைக்கின்றன. ரிச்சர்டோ நகருக்குள் நுழையாமலே திரும்பினார். ஆனால் 1192இல் சலாவுதீனுடன் அவர் செய்துகொண்ட உடன்படிக்கை, ஆயுதமின்றி வரும் யாத்திரிகர்களுக்கு வழி திறந்தது. வாளுக்குத் திறக்காத வாயில் வெறுங்கைக்குத் திறந்தது அன்றோ!

கல்லைத் தலையணையாக வைத்து உறங்கிய ஒருவனை விவிலியத்தின் ஆதியாகமம் காட்டுகிறது. அவன் யாக்கோபு. அண்ணன் ஏசாவுக்குரிய ஆசியை வஞ்சித்துப் பெற்று, அவன் சினத்துக்கு அஞ்சி ஓடிய இரவில் ஒரு கல்லே அவனுக்குத் திண்டாயிற்று. விண்ணுக்கு ஏணி எழுந்ததாகக் கனவு கண்டான். விழித்ததும் அவ்விடத்துக்குப் பெத்தேல், அதாவது இறைவனின் வீடு, எனப் பெயரிட்டான். ஆயினும் அச்சம் தீரவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்புகையில், நானூறு பேருடன் அண்ணன் எதிரே வருவதாகக் கேட்டு நடுங்கினான். வாள் எடுத்தானா? இல்லை. காணிக்கைகளை முன்னே அனுப்பி, ஏழு முறை தரையில் விழுந்து வணங்கினான். ஏசா ஓடிவந்து தழுவிக்கொண்டான், இருவரும் அழுதனர். அண்ணனின் முகத்தில் இறைவனின் முகத்தையே கண்டதாக யாக்கோபு சொன்னான்.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று. முதலில் பணிந்தவன் தவறு செய்தவன். உடன்படிக்கை போரை நிறுத்தலாம். ஆனால் பிழை செய்தவன் தானே முன்சென்று பணியும்போதுதான் சமாதானம் பிறக்கிறது. பலிபீடத்தில் காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்று இயேசு கற்பித்ததும் இதுவே.

அபிராமி அம்மன் கோயிலும், பேகம்பூர்ப் பள்ளிவாசலும், சூசையப்பர் பேராலயமும் நம் ஊரில் ஒரே மலையைப் பார்த்து நிற்கின்றன. நண்பர்களே, அடுத்த முறை அம்மலையைக் காணும்போது கோட்டையை மட்டும் காணாதீர்கள், திண்டையும் காணுங்கள். நாம் யாரிடம் முதலில் சென்று பணிய வேண்டும் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். அதற்கு விடை கண்டு நடப்பவனுக்குக் கல்லும் தலையணையாகும்.