20 பட்டுச்சேலைப் படங்கள்: 80 எம்.பி.யிலிருந்து 2.8 எம்.பி. வரை

காஞ்சிபுரம் பட்டு விற்கும் ஒரு சிறு கடையின் இணையப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் 20 சேலைகள். படங்கள் எல்லாம் கைபேசியில் எடுத்தவை. ஒவ்வொன்றிலும் 4000 × 3000, அதாவது 1.2 கோடி புள்ளிகள். இப்படியொரு ஜேபெக் கோப்புக்கு 4 எம்.பி. என்று வைத்தால், 20 படங்களுக்கு 80 எம்.பி. ஒரு எம்.பி. என்பது 8 மெகாபிட். விநாடிக்கு 10 மெகாபிட் கிடைக்கும் இணைப்பில் எல்லாப் படங்களும் வந்து சேர 64 விநாடி ஆகும். ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. என்று ரீசார்ஜ் செய்திருப்பவருக்கு அன்றைய டேட்டாவில் 5 சதவீதம் இந்த ஒரு பக்கத்திலேயே கரைந்துவிடும்.

கடைக்காரருக்கு வழக்கமாகக் கிடைக்கும் யோசனை, “எல்லாத்தையும் வெப்பிக்கு மாத்திடுங்க” என்பதுதான். யோசனை சரியே. ஆனால் படங்களின் எடையைக் குறைக்கும் கணக்கில் அது மூன்றாவது வரி. முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேரே அங்கே தாவினால் என்ன ஆகும்? வெப்பி என்ற பட வடிவத்தை கூகுள் அறிவித்தது 2010 செப்டம்பரில். ஒரே தரத்தில் ஒப்பிட்டால் ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் சிறியது என்பது அந்த நிறுவனமே எடுத்த அளவு. 30 என்று வைத்துக்கொண்டாலும் 4 எம்.பி. படம் 2.8 ஆகும், பக்கம் 56 எம்.பி. ஆகும், 64 விநாடி 45 ஆகும். புதிய வடிவத்துக்கு மாறிய பின்னும் முக்கால் நிமிடக் காத்திருப்பு. சேலை வாங்க வந்தவர் அதற்குள் பக்கத்தை மூடியிருப்பார்.

முதல் வரியில் எழுத வேண்டியது அகலம். பல கைபேசிகளில் உலாவிக்குத் தெரியும் திரை அகலம் 360. அடர்த்தி 3 என்றால் உண்மையான புள்ளிகள் 1080. ஆக 1200 × 900 அளவுள்ள படம் தாராளம். அதில் இருப்பவை 10.8 லட்சம் புள்ளிகள், மூலப்படத்தில் 9 சதவீதம். மீதி 91 சதவீதம் வாடிக்கையாளரின் டேட்டாவைத் தின்றுகொண்டு வந்து, திரையில் ஏறாமலே கழிந்துபோகிறது.

இரண்டாவது வரி, தரம். 4 எம்.பி. படத்தில் ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 2.7 பிட் செலவாகிறது. சேமிக்கும்போது தர எண்ணைச் சற்றுக் குறைத்து 1.5 பிட்டுக்குக் கொண்டுவந்தால், அந்த 1200 × 900 படம் 200 கே.பி.யில் அடங்கும். 20 படங்கள் 4 எம்.பி., நேரம் 3.2 விநாடி. எடையில் 95 சதவீதம் இறங்கிவிட்டது. இன்னும் 1992-இல் தரப்படுத்தப்பட்ட அதே பழைய ஜேபெக்கில்தான் இருக்கிறோம்.

இப்போது வெப்பி வரட்டும். 200 கே.பி. 140 ஆகிறது, பக்கம் 2.8 எம்.பி., நேரம் 2.24 விநாடி. மாதம் 10,000 முறை பக்கம் திறக்கப்பட்டால் 40 ஜி.பி. போக்குவரத்து 28-க்கு இறங்கும். பக்கத்தின் முக்கிய உள்ளடக்கம் திரையில் தெரிய 2.5 விநாடிக்குள் என்பது கூகுள் ‘நல்லது’ என ஏற்கும் வரம்பு. அந்த இடத்தில் ஏறத்தாழ ஒரு விநாடி மிச்சமாவது பெரிய காரியம். பெரிய தளங்களுக்கு இந்த மூன்றாவது வரி இன்னும் கனமானது. யூடியூப் தன் சிறுபடங்களை வெப்பிக்கு மாற்றத் தொடங்கியபோது பக்கங்கள் 10 சதவீதம் வரை வேகமாகத் திறந்தன, தினமும் பல பத்து டெராபைட் மிச்சமானது என்று 2014-இல் அறிவிப்பு வந்தது.

அகலத்தை முதலில் வைத்ததற்கு இன்னொரு காரணம் நினைவகம். கோப்பு எவ்வளவு சிறியதாக வந்தாலும் திரையில் காட்டும்முன் அதை விரித்தாக வேண்டும். புள்ளிக்கு 4 பைட். 1.2 கோடிப் புள்ளிப் படம் ஜேபெக்கோ வெப்பியோ, விரித்தால் 48 எம்.பி. 1200 × 900 படத்துக்கு 4.3 எம்.பி. போதும். விலை குறைந்த கைபேசியில் பக்கம் திக்கித் திக்கி நகர்வதற்கு பல நேரம் இதுதான் காரணம். அதைச் சரிசெய்ய எந்த வடிவமாற்றத்தாலும் முடியாது.

பட்டுச்சேலைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தரத்தில் சற்று இழந்து சுருக்கும் வெப்பி, ஒளிர்வை ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாகவும் நிறத்தை 4 புள்ளிகளுக்குப் பொதுவாகவும் எழுதுகிறது. வேறு வழி அதில் இல்லை. 1200 × 900 படத்தில் ஒளிர்வுக்கு 10.8 லட்சம் மதிப்புகள், இரு நிறத்தளங்களுக்கும் தலா 2.7 லட்சம். மொத்தம் 16.2 லட்சம், முழுமையாக எழுதினால் வரும் 32.4 லட்சத்தில் சரிபாதி. முகங்களிலும் வானத்திலும் இந்தக் குறை கண்ணுக்குப் படாது. அரக்கு உடலும் பச்சைக் கரையும் கோர்வையில் சேரும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டுக்கும் ஒளிர்வு கிட்டத்தட்ட ஒன்று, வேறுபடுத்துவது நிறம் மட்டுமே. அங்கேதான் கரையின் கோபுர வடிவ முனைகள் கசிந்து மங்குகின்றன. நெசவாளி தறியில் ஒவ்வொரு ஊடையாக மாற்றிக் கோத்த விளிம்பு அது. வாங்குபவர் பெரிதாக்கிப் பார்ப்பதும் அதைத்தான். அந்த நெருக்கப் படத்துக்கு மட்டும் நிறத்தை முழுதாக எழுதும் ஜேபெக்கையோ ஏவிஃப் என்ற புதிய வடிவத்தையோ வைத்துக்கொள்வதே முறை. 60 கே.பி. கூடினாலும் கூடட்டும்.

ஏவிஃப் 2019-இல் வந்தது. பல படங்களில் ஜேபெக்கின் பாதி எடையில் நிற்கும். நம் கணக்கில் 100 கே.பி., பக்கம் 2 எம்.பி., 1.6 விநாடி. குரோம் 2020-லும் ஃபயர்ஃபாக்ஸ் 2021-லும் சஃபாரி 2022-லும் ஏற்றன, எட்ஜ் 2024 ஜனவரியில். சுருக்க எடுக்கும் நேரம் ஜேபெக்கைவிட மிக அதிகம். மூன்று வடிவம், வெவ்வேறு திரைகளுக்கு நான்கு அகலம் என்று வைத்தால் படத்துக்கு 12 கோப்பு, 500 சேலைக்கு 6,000. கையால் ஆகாது, நிரலிடம் விடவேண்டிய வேலை. சின்னக் கடைக்கு வெப்பி ஒன்றும் ஜேபெக் ஒன்றும் போதும் என்பது என் கருத்து.

எவ்வளவு சுருக்கினாலும் அழித்துவிடக் கூடாதது மூலப்படம். சுருக்கிய படத்தைத் திரும்பச் சுருக்கினால் இழப்பின்மேல் இழப்பு. வடிவங்களின் எதிர்காலமும் உறுதியானதல்ல: ஜேபெக் எக்ஸ்எல் என்ற வடிவத்தை விலக்கப்போவதாக குரோம் 2022 அக்டோபரில் அறிவித்தது, ஓராண்டு கழிவதற்குள் சஃபாரி 17 அதையே ஏற்றது. அடுத்து எது வந்தாலும் 4 எம்.பி. மூலத்திலிருந்துதான் மாற்ற வேண்டியிருக்கும். 500 சேலைக்கு அது 2 ஜி.பி.; ஒரு பென்டிரைவில் அடங்கும், இரண்டு பிரதியாக எடுத்துவைத்தாலும்.