ரெண்டையும் சேர்த்தா காப்புரிமை உண்டா?

மக்களே, இந்த செமஸ்டர்ல காப்புரிமைச் சட்டமும் ஒரு பாடம். அதுல ரொம்பப் பிடிச்சது ஒரு கார் பெடல் வழக்கு. தூங்கிடாம படிங்க, சுவாரசியமான மேட்டர் :-)

அமெரிக்கச் சட்டம் 103ஆம் பிரிவுப்படி கண்டுபிடிப்பு புதுசா இருந்தா மட்டும் போதாது. அந்தத் துறையில சாதாரணத் திறமை உள்ளவருக்கே சுலபமா தோணியிருக்கும்னா காப்புரிமை கிடையாது. சிக்கல் என்னன்னா, விடையைப் பார்த்த பிறகு எல்லாமே சுலபம்தான்! அதனால ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் ஒரு விதி வச்சிருந்தது: பழைய ரெண்டை இணைச்சதுதான் இதுன்னு தள்ளுபடி பண்ணணுமா? அப்படி இணைக்கத் தூண்டுற விஷயம் முன்னாடியே இருந்ததுன்னு காட்டு.

கனடாவோட கேஎஸ்ஆர் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் பெடல் செஞ்சு கொடுத்தது. டெலிஃப்ளெக்ஸ் வழக்குப் போட்டது. அவங்க காப்புரிமை: ஓட்டுறவர் வசதிக்கு நகர்த்துற பெடல், அதோட நகராத அச்சுல ஒரு எலக்ட்ரானிக் சென்சார். நகர்த்துற பெடல் அசானோ காப்புரிமையில ஏற்கெனவே இருக்கு. சென்சாரும் பழசு. நகருற இடத்துல சென்சார் வச்சா ஒயர் தேயும்கறதும் தெரிஞ்ச கதை.

ஆனா ஃபெடரல் சர்க்யூட் என்ன சொல்லிச்சு? அசானோ தீர்க்க நினைச்சது வேற பிரச்சினை, சென்சார் மாட்ட நினைக்கிறவர் அதை ஏன் தேடிப் போகணும்னு. ஒரு புத்தகத்துல ஊத்தப்பம், இன்னொண்ணுல வெங்காயம் வதக்கல், சேர்க்கச் சொல்லி எங்கேயும் எழுதலை, அதனால வெங்காய ஊத்தப்பம் மாபெரும் கண்டுபிடிப்புங்கற மாதிரி!

2007 ஏப்ரல் 30ல உச்ச நீதிமன்றம் ஒருமனதா இதை மாத்திடுச்சு. திறமைக்காரர் ஒண்ணும் எந்திரம் இல்லை, அவருக்கும் சொந்தமா யோசிக்கத் தெரியும். ஒரு பிரச்சினைக்காகச் செஞ்சதை வேற பிரச்சினைக்கும் எடுத்துக்குவார்னு எழுதினார் நீதிபதி கென்னடி. தூண்டுதல் இருந்ததான்னு பார்க்கிறதை கோர்ட் ஒழிக்கலை, அதை இறுக்கிப் பிடிக்காதேன்னுதான் சொல்லிச்சு.

அப்போ இனி யாரோட உழைப்பையும் "இது தெரிஞ்சதுதானே"ன்னு ஒரே வரியில ஒதுக்கிடலாமா? முடியாது. ஏன் சேர்த்திருப்பாங்கன்னு காரணத்தை விளக்கணும், வெறும் முடிவு மட்டும் போதாதுன்னும் அதே தீர்ப்புல இருக்கு. என்னைக் கேட்டா, தீர்ப்போட உயிரே இந்த வரிதான். காரணம் காகிதத்துல இருக்கணும்னு கட்டாயம் இல்லை. ஆனா மறுக்கிறவர் அதைச் சொல்லியே ஆகணும். இல்லைன்னா சின்ன ஆளோட நல்ல யோசனைகூட "பார்த்தாலே தெரியுதே"ன்னு போயிடும்.

உங்க துறையில இப்படி "அட, இதுக்கெல்லாமா காப்புரிமை?"ன்னு தோணினது உண்டா? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.