மரம் அறுக்கும் மிஷினில் பெட்ரோல் ஒழுகுகிறதா?

தென்னந்தோப்பு, சவுக்கு, முந்திரி வைத்திருக்கும் விவசாயிகளிடையே விசையால் இயங்கும் சங்கிலி ரம்பம் இன்று பரவலாகிவிட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தபோது, விழுந்த மரங்களை அறுத்து அகற்றக் கைகொடுத்தது இக்கருவியே. ஆனால் இதில் பெட்ரோல் ஒழுகுவதைப் பலர் சிறு குறையாக எண்ணி விட்டுவிடுகின்றனர். இது தவறு. ஓடி நின்ற மிஷினின் சைலன்சர் வெகுநேரம் சூடாக இருக்கும். அதன்மேல் பெட்ரோல் சொட்டினால் தீப்பற்றி ஆளுக்கும் தோப்புக்கும் ஆபத்து நேரும்.

ஒழுகுவது எது?

முதலில், ஒழுகுவது பெட்ரோலா, சங்கிலி எண்ணெயா என்று தெரிந்துகொள்ள வேண்டும். வேலை முடித்து வைத்த மிஷினில், சங்கிலியில் தங்கிய எண்ணெய் சிறிது வடிவது இயல்பே. அது பிசுபிசுப்பாக இருக்கும், காயாது. பெட்ரோல் கலவையோ வாடை வீசும். விரைவில் ஆவியாகி, மெல்லிய எண்ணெய்க் கறையை மட்டும் விட்டுச் செல்லும்.

சோதிக்கும் முறை

மிஷின் நன்றாக ஆறிய பின், பிளக் வயரைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான நிழலில் சோதிக்க வேண்டும். அருகில் பீடி, சிகரெட், அடுப்பு கூடாது. மூடியை மெதுவாகத் திறக்க வேண்டும். வெயிலில் இருந்த டேங்க்கில் அழுத்தம் சேர்ந்து பெட்ரோல் பீய்ச்சி அடிக்கக்கூடும். தூசியையும் மரத்தூளையும் துடைத்து, பாதி டேங்க் கலவை ஊற்றி, மூடியைச் சரியாகத் திருகி, வெள்ளை அட்டையின் மீது அரைமணி நேரம் வைக்க வேண்டும். பிறகு மூடி கீழ்ப்பக்கம் வருமாறு சாய்த்துப் பார்க்க வேண்டும்.

காரணமும் பரிகாரமும்

மூடிப்பக்கம் சாய்த்தால் மட்டும் ஒழுகினால், குறை மூடியில் உள்ளது. மூடி வாஷரின் அடியில் மரத்தூள் சிக்கியிருக்கலாம். துடைத்தும் நிற்காவிட்டால் வாஷரை மாற்ற வேண்டும். குறடு வைத்து இறுக்கினால் மரையே கெடும்.

நேராக வைத்திருக்கும்போதே அடிப்பக்கம் நனைந்தால், பெட்ரோல் குழாயையும், அது டேங்க்கினுள் நுழையும் இடத்திலுள்ள ரப்பரையும் பார்க்க வேண்டும். குழாயை விரலால் வளைத்தால் வெடிப்பு தெரியும். மாற்றும்போது அதே அளவுள்ள, பெட்ரோலுக்கான குழாயையே போட வேண்டும். மருந்து தெளிப்பானின் குழாய் உதவாது.

ஏர் பில்டர் பெட்ரோலில் நனைந்து, பிளக்கும் ஈரமாகி, ஸ்டார்ட் ஆக மறுத்தால், கார்புரேட்டரின் ஊசி வால்வில் தூசி அடைத்திருக்கலாம் அல்லது ஊசி தேய்ந்திருக்கலாம். இதை மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

டேங்க்கே விரிந்திருந்தால் சோப்பு, பசை, சூடு வைத்து ஒட்டுவது எதுவும் நிலைக்காது. டேங்க்கை மாற்றுவதே பாதுகாப்பு.

வராமல் தடுக்க

இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்தே வருகிறது. இந்தியாவில் கலப்பு 2025இல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர் பாகங்களையும் கெடுக்கும். ஆகவே கலவையை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கையேட்டில் 50:1 என்றிருந்தால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, 25:1 என்றிருந்தால் 40 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் சேர்த்தால் போதும். பல வாரம் வேலை இல்லையென்றால் டேங்க்கைக் காலி செய்து, மிஷின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு வைக்க வேண்டும்.

பெட்ரோல் ஊற்றிய இடத்திலேயே ஸ்டார்ட் செய்யாமல், குறைந்தது 10 அடி தள்ளிச் சென்று, சருகு இல்லாத தரையில் இயக்க வேண்டும். ஒழுகல் நின்றதை உறுதி செய்யாமல் மிஷினை மரத்தின் அருகே கொண்டு செல்லவே கூடாது. ஒரு வாஷரின் விலை, தீப்பட்ட கைக்கு ஆகும் வைத்தியச் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை.