நாரிநோ: தட்டு விலகலா, கிருமித்தொற்றா?

நாரிநோ என்றவுடன் "டிஸ்க் விலகிவிட்டது" என்று நாமே தீர்மானித்துவிடுவது எம்மவர் மத்தியில் வழக்கமாகிவிட்டது. தட்டு விலகல் பெரும்பாலும் பயப்படவேண்டிய ஒன்றல்ல. ஆனால் அதே இடத்தில், அதேபோன்ற நோவுடன் தொடங்கும் கிருமித்தொற்று ஒன்றும் உண்டு. அது அரிதானது. எனினும் கவனியாது விட்டால் நடக்கும் வல்லமையையே பறித்துவிடலாம்.

தட்டு விலகல்

எமது முள்ளந்தண்டு என்புகளுக்கு இடையே 23 இடைத்தட்டுகள் உள்ளன. இவற்றையே டிஸ்க் என்கிறோம். ஒவ்வொன்றுக்கும் வெளியே உறுதியான நார் வளையமும் உள்ளே களி போன்ற மென்மையான பகுதியும் உண்டு. வளையம் நலிந்து கிழியும்போது உட்பகுதி பிதுங்கி அருகிலுள்ள நரம்பை உறுத்துகிறது. நாரியின் கடைசி இரண்டு தட்டுகளிலேயே இது அதிகம் நிகழ்கிறது. அதனால்தான் நோ பிட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை இறங்குகிறது.

பலருக்கு 6 முதல் 12 வாரங்களில் இது குறைந்துவிடும். பிதுங்கிய பகுதியை உடலே கரைத்துவிடுவதும் உண்டு. நாட்கணக்கில் படுத்திருப்பதால் பயனில்லை. இயன்றவரை நடமாடுவதே நல்லது. நோ நீடித்தாலோ, காலின் பலம் குறைந்துகொண்டு போனாலோதான் சத்திரசிகிச்சை பற்றி யோசிப்பார்கள்.

ஸ்கான் படத்தைப் பார்த்தும் கலங்கவேண்டாம். 1994இல் அமெரிக்காவில் நாரிநோ இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்தபோது, ஏறத்தாழ அரைவாசிப் பேரின் தட்டுகளில் வீக்கம் காணப்பட்டது.

தட்டில் கிருமித்தொற்று

வளர்ந்தவர்களின் இடைத்தட்டுக்கு நேரடியான இரத்த ஓட்டம் இல்லை. தோற்புண், சிறுநீர்த் தொற்று போன்றவற்றிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமி முதலில் அருகிலுள்ள என்பில் தங்கி, பின்னர் தட்டுக்குப் பரவுகிறது. ஸ்ரஃபிலோகொக்கஸ் ஓறியஸ் என்ற கிருமியே பெரும்பாலும் காரணம். நீரிழிவு உள்ளவர்கள், டயலிசிஸ் செய்பவர்கள், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், அண்மையில் முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். எம்மவரிடையே நீரிழிவு அதிகம் என்பதை மறக்கலாகாது.

காசநோயும் முள்ளந்தண்டைத் தாக்கும். இதனை பேர்சிவல் பொற் என்ற ஆங்கிலேய சத்திரசிகிச்சை நிபுணர் 1779இல் விவரித்தார். ஊரில் இளவயதில் தொற்றிய காசநோய்க் கிருமி உடலில் உறங்கிக்கிடந்து, பல ஆண்டுகளின் பின் இங்கு வைத்து விழித்துக்கொள்ளலாம். இருமல் இல்லாமலும் வரலாம்.

எப்படி வேறுபடுத்துவது?

தட்டு விலகல் நோ குனியும்போதும் இருக்கும்போதும் கூடி, படுத்தால் பெரும்பாலும் தணியும். தொற்றின் நோ மெல்ல மெல்லக் கூடும், படுத்தாலும் விடாது, இரவில் எழுப்பும். காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் ஆகியவை சேரலாம். ஆனால் தொற்று உள்ளவர்களில் பலருக்குக் காய்ச்சலே இருப்பதில்லை. அடிக்கடி பனடோல் எடுத்தால் இருக்கும் காய்ச்சலும் மறைந்துவிடும். எண்ணெய் பூசி ஒத்தடம் கொடுத்தபடி வாரங்களைக் கடத்துவதே ஆபத்து.

இரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஸ்கான், தேவைப்பட்டால் ஊசிமூலம் எடுக்கும் சிறு மாதிரி ஆகியவற்றால் தொற்றைக் கண்டறிவார்கள். சாதாரண கிருமிக்கு வழக்கமாக 6 வாரங்கள் அன்ரிபயோற்றிக் தேவை. காசநோய்க்கு 6 மாதங்கள் அல்லது அதற்கு மேலும் மருந்து எடுக்கவேண்டும். நோ குறைந்துவிட்டதென்று இடையில் நிறுத்தக்கூடாது.

உடனே செய்யவேண்டியவை

• சிறுநீர் கழிக்கமுடியாமை, மலம் கட்டுப்பாடின்றிப் போதல், மறைவிடத்தைச் சுற்றி விறைப்பு, இரு கால்களும் பலவீனமடைதல்: இவற்றில் ஒன்று தோன்றினாலும் தாமதியாது அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். பிரித்தானியாவில் 999ஐ அழைக்கலாம்.

• நாரிநோவுடன் காய்ச்சல் அல்லது ஓயாத இரவுநோ: அன்றே குடும்ப வைத்தியருடன் தொடர்புகொள்ளுங்கள். வைத்தியநிலையம் பூட்டியிருந்தால் 111ஐ அழையுங்கள்.

• பெற்றோருக்கு ஆங்கிலம் சிரமமாயின், தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். சிறுநீர், மலம் பற்றிப் பிள்ளைகள் முன்னிலையில் சொல்லக் கூச்சப்பட்டு, முக்கியமான அறிகுறியை மறைத்துவிடும் முதியவர்கள் பலர்.

• நீரிழிவு, பழைய காசநோய், அண்மைய சத்திரசிகிச்சை இருந்தால், வைத்தியர் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள்.