மிகச் சிறந்த விக்கெட் காப்பாளர் யார்?

டெஸ்ட் கிரிக்கெட்டின் மிகச் சிறந்த பந்தடிப்பாளர் யார் என்று கேட்டால், பெரும்பாலோர் டான் பிராட்மன் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவார்கள். 99.94 என்ற சராசரிக்கு மறுபேச்சு கிடையாது. அதே கேள்வியை விக்கெட் காப்பாளரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பேச்சு லேசில் முடியாது.

வார இறுதிகளில் ஃபேரர் பார்க் திடலில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடும் எங்கள் நண்பர்கள் குழுவில் இந்த விவாதம் அடிக்கடி எழும். ஆட்டம் முடிந்து, பெக் கியோ உணவங்காடி நிலையத்தில் தே தாரிக் ஆறிப்போகும் வரை அது நீளும். ஒருவர் டோனி என்பார், இன்னொருவர் கில்கிறிஸ்ட் என்பார், மூன்றாமவர் சங்கக்கார என்பார். வேடிக்கை என்னவென்றால், மூவரும் பேசுவது மட்டையைப் பற்றித்தான். கையுறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

எத்தனை பேரை ஆட்டமிழக்கச் செய்தார் என்பதே அளவுகோல் என்றால், விடை தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சர். 147 டெஸ்ட் ஆட்டங்களில் 555 பேர். அடுத்த இடங்களில் ஆஸ்திரேலியாவின் ஆடம் கில்கிறிஸ்ட் (416), இயன் ஹீலி (395).

ஆனால், பவுச்சரின் 555இல் ஸ்டம்பிங் வெறும் 23. 1920களிலும் 1930களிலும் ஆடிய ஆஸ்திரேலியர் பெர்ட் ஓல்ட்ஃபீல்டோ 54 ஆட்டங்களிலேயே 52 ஸ்டம்பிங் செய்தார். இன்றுவரை அதுதான் டெஸ்ட் சாதனை. பவுச்சருக்கு முன்னால் பந்து வீசியவர்கள் டோனல்ட், போலக், ஸ்டெய்ன் போன்ற வேகப்பந்து வீச்சாளர்கள். ஓல்ட்ஃபீல்டுக்கு கிளாரி கிரிம்மெட் போன்ற சுழற்பந்து வீச்சாளர்கள் கிடைத்தார்கள். ஆக, காப்பாளரின் எண்ணிக்கை அவருடைய திறனை மட்டும் காட்டுவதில்லை. யார் பந்து வீசினார், ஆடுகளம் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது.

சென்னை சேப்பாக்கத்தில் 1988 ஜனவரியில் நடந்த டெஸ்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் அறிமுகமான நரேந்திர ஹிர்வானி 136 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அதே ஆட்டத்தில் காப்பாளர் கிரண் மோரே 6 ஸ்டம்பிங் செய்தார். அவற்றில் 5 ஒரே இன்னிங்சில். இரண்டுமே சாதனைகள். ஹிர்வானியின் 16 விக்கெட்டுகளை இன்றும் நினைவுகூர்கிறார்கள். அவற்றில் பங்கு கொண்ட மோரேயின் கைகளை எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

ஏட்டில் ஏறாத வேலை

ஒரு நாளில் 90 ஓவர்கள் வீசப்பட்டால், காப்பாளர் 540 முறை குந்தி எழவேண்டும். 539 பந்துகளைச் சுத்தமாகப் பிடித்தால் ஓட்ட அட்டையில் அதற்கென்று ஒரு வரிகூட இருக்காது. நழுவிய ஒரே ஒரு பந்து மட்டும் ‘பை’ என்ற தலைப்பில் ஏறிவிடும்.

2007இல் பெங்களூரில் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில், சென்னையைச் சேர்ந்த தினேஷ் கார்த்திக் காப்பாளராக இருந்தபோது ஒரே இன்னிங்சில் 35 பை ஓட்டங்கள் போயின. எவ்வளவு அவருடைய தவறு, எவ்வளவு ஆடுகளத்தின் குணம் என்பதை அந்த எண் சொல்லாது.

எங்கள் திடலிலும் கதை இதுதான். முதலில் மட்டை பிடிக்கப் போட்டி நடக்கும். பந்து வீசவும் ஆள் உண்டு. காப்பாளராக நிற்க மட்டும் யாரும் கை தூக்க மாட்டார்கள். ஆனால், நல்ல காப்பாளர் நிற்கும் நாளில்தான் பந்துவீச்சாளர் துணிந்து சுழற்றுவார்.

இந்த மறைமுகப் பங்கை ஓரளவு காட்டும் கணக்கு ஒன்று இலங்கை அணியில் இருக்கிறது. குமார் சங்கக்கார காப்பாளராகவும் ஆடிய 48 டெஸ்ட்களில் அவருடைய பந்தடிப்புச் சராசரி 40.48. கையுறை இல்லாமல் ஆடிய 86 டெஸ்ட்களில் 66.78. வயதும் அனுபவமும் கூடியதும் இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனாலும், அவர் மட்டையில் முழுக் கவனம் செலுத்த முடிந்தது, ஸ்டம்புகளுக்குப் பின்னால் பிரசன்ன ஜெயவர்தன நின்றதால்தான். முத்தையா முரளிதரன் இரு பக்கமும் திருப்பிய பந்துகளை அவர் பிடித்தார். அதனால் சங்கக்காரவுக்குக் கூடிய ஓட்டங்கள் பிரசன்னவின் கணக்கில் வராது.

மட்டையா, கையுறையா?

1999 நவம்பரில் ஹோபார்ட்டில் பாகிஸ்தானுக்கு எதிராக 369 ஓட்டங்களைத் துரத்திய ஆஸ்திரேலியா 126 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்திருந்தது. தம் இரண்டாவது டெஸ்டில் ஆடிய கில்கிறிஸ்ட் ஆட்டமிழக்காமல் 149 எடுத்து வெற்றி தேடித் தந்தார். 17 சதங்கள், 47.60 சராசரி என்று அவர் ஓய்வுபெற்றபோது, ஏழாவதாக இறங்கும் காப்பாளரிடம் எல்லா அணிகளும் சதத்தை எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தன.

அதன் விலையைச் சிறந்த கைகள் கொண்ட பலர் கொடுக்கிறார்கள். கில்கிறிஸ்ட்டுக்கு முன்பும் இது நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் பாப் டெய்லர் முதல்தர ஆட்டங்களில் 1,649 பேரை ஆட்டமிழக்கச் செய்து உலகச் சாதனை படைத்தவர். ஆனால், 1977 இறுதிவரை அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு டெஸ்ட். அவர் டெஸ்ட் பந்தடிப்புச் சராசரி 16.28. அவருடைய இடத்தில் இருந்தவர் ஆலன் நாட்.

என் தேர்வு

அந்த ஆலன் நாட்தான் என் தேர்வு. 1967 முதல் 1981 வரை இங்கிலாந்துக்காக 95 டெஸ்ட்கள் ஆடி 269 பேரை ஆட்டமிழக்கச் செய்தார். பவுச்சரின் எண்ணிக்கையில் இது பாதிகூட இல்லை. ஆனால், டெரக் அண்டர்வுட்டின் வேகமான இடக்கைச் சுழலுக்கு ஸ்டம்புகளை ஒட்டி நிற்பது எல்லாராலும் முடிகிற காரியமல்ல. நாட் அதைச் செய்தார். ஒரு கட்டத்தில் தொடர்ந்து 65 டெஸ்ட்கள் ஆடினார். காப்பாளரிடம் யாரும் சதம் கேட்காத காலத்தில் 5 சதங்களும் 32.75 சராசரியும் சேர்த்தார்.

கையுறையில் டெய்லர் ஒரு மயிரிழை மேல் என்று அவர்களைப் பார்த்தவர்களில் பலர் சொல்வார்கள். மட்டையில் கில்கிறிஸ்ட் எங்கோ உயரத்தில் இருக்கிறார். கையுறையை முதலாவதாகவும் மட்டையை இரண்டாவதாகவும் வைத்துப் பார்த்தால், இரண்டிலும் குறை சொல்ல முடியாதவர் நாட்.

நீங்கள் வேறு பெயர் சொல்லலாம். சொல்வதற்கு முன் உங்கள் அளவுகோல் எது என்று முதலில் சொல்லுங்கள். எளிதாக எண்ண முடிவதை மட்டும் எண்ணினால், குழுப் பணியில் எல்லாரையும் தாங்கிப் பிடித்தவரை விட்டுவிட்டு, கடைசியில் மேடையேறிப் பேசியவருக்கே முழு மதிப்பெண்ணும் போய்விடும்.